பழுது பார்க்கும் மரபணுவும் புற்றுநோயும்

‘குலத்தில் வரும் நோய்’ என்று சில நோய்களைச் சுட்டி நம் பெரியோர் பேசக் கேட்டிருக்கிறோம். பாட்டிக்கு வந்தது, தாய்க்கும் வந்தது, மகளுக்கும் வந்தே தீரும் என்னும் அச்சம் அவ்வொரு தொடரில் அடங்கிக் கிடக்கிறது. பெண் கொடுக்கவும் எடுக்கவும் முனையும்போது இதை மறைப்பதும் உண்டு. துருவி ஆராய்வதும் உண்டு. புற்றுநோயைப் பொறுத்தவரை இவ்வச்சம் முற்றும் பொய்யன்று, முற்றும் மெய்யுமன்று. அப்படியாயின் எவ்வளவு மெய், எவ்வளவு பொய்? இதனை எண்ணால் அளந்து காட்டும் வாய்ப்பு வட அட்லாண்டிக் கடலில் உள்ள ஐஸ்லாந்து என்னும் சிறு தீவிற்கு வாய்த்தது. அத்தீவு நமக்குக் கற்பிக்கும் பாடத்தை எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சங்க உறுப்பினருள் பொருளாதாரமும் பொறியியலும் சட்டமும் பயில்வோர் பலர். அவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதனால் அடிப்படையிலிருந்தே தொடங்குவோம்.

நாள்தோறும் நேரும் பழுது

நம் உடல் எண்ணற்ற உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவின் கருவிலும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை சுருண்டு கிடக்கிறது. அடினைன், தைமைன், குவானைன், சைட்டோசைன் என்ற நான்கு வேதிப்பொருள்களே அவ்விழையின் எழுத்துக்கள். தாய்வழி ஒரு படி, தந்தைவழி ஒரு படி என இரண்டு படிகள் நம்மிடம் உள்ளன. ஒரு படியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்கள் உண்டு. எந்தப் புரதத்தை எவ்வாறு செய்வது என்ற கட்டளை இவ்வெழுத்துக்களில் பொதிந்திருக்கிறது. ஒரு கட்டளை அடங்கிய பகுதியே மரபணு எனப்படுகிறது.

1953-இல் வாட்சனும் கிரிக்கும் இவ்விழையின் அமைப்பை வெளியிட்டபோது, இத்துணை அரிய செய்தியைச் சுமப்பது மிக உறுதியான பொருளாகத்தான் இருக்கவேண்டும் என்று பலரும் எண்ணினர். சுவீடன் நாட்டு அறிஞர் தோமாஸ் லிண்டால் அவ்வாறு எண்ணவில்லை. உடலின் வெப்பமும் உடலில் உள்ள நீருமே டி.என்.ஏ.வைச் சிதைக்கப் போதும் என்று அவர் ஆய்ந்து காட்டினார். ஓர் உயிரணுவில் ஒரு நாளில் மட்டும் ஆயிரக்கணக்கான எழுத்துக்கள் தாமே உதிர்கின்றன. இவற்றோடு வெயிலின் புறஊதாக் கதிரும் புகையிலையின் நஞ்சும் சேர்ந்து கொள்கின்றன. இத்தனைக்கும் பின்னர் நாம் எண்பது, தொண்ணூறு ஆண்டுகள் வாழ்கிறோமே, அஃது எங்ஙனம்?

உயிரணுவுக்குள்ளேயே பழுது பார்ப்போர் இருக்கின்றனர் என்பதுதான் விடை. இங்கே ஓலைச்சுவடியை நினைவிற் கொள்வது நலம். செல்லரித்த ஏட்டில் எழுத்தொன்று சிதைந்திருந்தால், பதிப்பாசிரியர் வேறொரு படியைப் பார்த்து அதை நிரப்புவார். டி.என்.ஏ. இரண்டு இழைகள் இணைந்த முறுக்கு. ஓரிழையில் அடினைன் இருக்குமிடத்தில் எதிரிழையில் தைமைன் இருக்கும். குவானைனுக்கு எதிரே சைட்டோசைன். ஆகவே ஓரிழையில் ஓரெழுத்துக் கெட்டால் எதிரிழையைப் பார்த்துச் சரி செய்துவிடலாம். கெட்ட எழுத்தை வெட்டி எறிதல், வெட்டிய இடத்தை நிரப்புதல், ஒட்டுதல் ஆகிய தொழில்களைச் செய்யத் தனித்தனிப் புரதங்கள் உள்ளன. அப்புரதங்களைச் செய்யும் கட்டளைகளையே பழுது பார்க்கும் மரபணுக்கள் என்கிறோம். இப்பழுது பார்க்கும் முறைகளை விளக்கியமைக்காக லிண்டாலுக்கும், பால் மோட்ரிச், அசீஸ் சாங்சார் என்னும் இருவருக்கும் 2015-இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பழுது பார்ப்போர் இல்லையெனின் யாது நிகழும்? பிறவியிலேயே சிலர்க்கு வெயில் பட்டவிடமெல்லாம் தோல் கருத்துப் புள்ளியிட்டு, இளவயதிலேயே தோற்புற்று உண்டாகும். புறஊதாக் கதிரால் விளையும் சிதைவைச் சரி செய்யும் ஆற்றல் இவர்தம் உயிரணுக்களுக்கு இல்லை என்பதை 1968-இல் ஜேம்ஸ் கிளீவர் கண்டறிந்தார். பழுது பார்க்கும் வேலை குன்றினால் புற்றுநோய் பெருகும் என்பதற்கு இதுவே முதற் சான்று எனலாம்.

இரண்டிழையும் அறுந்தால்

ஓரிழை கெட்டால் எதிரிழை துணை செய்யும். இரண்டிழையும் ஒரே இடத்தில் அறுந்துவிட்டால்? பார்த்தெழுத எதிரிழையும் இல்லை. உயிரணு பிளவுபடுவதற்கு முன் தன் டி.என்.ஏ. முழுவதையும் படியெடுத்து வைத்துக்கொள்ளும். அந்தப் புதுப்படியைத் தேடிச் சென்று, ஒத்த பகுதியைக் கண்டு, அதைப் பார்த்தே அறுந்த இடத்தைப் பிழையின்றி இணைக்க வேண்டும். இவ்வரிய வேலையில் முன்னிற்பவற்றுள் ஒன்று பி.ஆர்.சி.ஏ. 2 என்னும் மரபணு தரும் புரதம். 3,418 அமினோ அமிலங்கள் கோத்த பெரும் புரதம் அது. ராட் 51 என்ற மற்றொரு புரதத்தை அறுந்த முனைக்கு அழைத்துச் சென்று அமர்த்துவது அதன் தலையாய பணி. ராட் 51 அமர்ந்த பின்னரே ஒத்த பகுதியைத் தேடும் வேலை தொடங்கும்.

இம்மரபணுவின் கதையும் சுவையானது. மார்பகப் புற்று சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வருவதைத் தொடர்ந்து ஆய்ந்த மேரி கிளேர் கிங் என்னும் அமெரிக்கப் பெண் அறிஞர், 17-ஆம் குரோமோசோமில் அதற்குரிய இடம் ஒன்று உண்டென 1990-இல் நிறுவினார். அங்கே இருந்த மரபணு 1994-இல் பிரித்தறியப்பட்டது. அதுவே பி.ஆர்.சி.ஏ. 1. அடுத்த ஆண்டில் 13-ஆம் குரோமோசோமில் பி.ஆர்.சி.ஏ. 2 பிரித்தறியப்பட்டது. மார்பகம், புற்று என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களால் இவை பெயர் பெற்றன. பெயரைக் கேட்போர் இவை புற்றை உண்டாக்கவே அமைந்தவை என்று மயங்குவர். உண்மையில் இவை இரண்டும் நம் எல்லாரிடமும் உள்ள காவலர்கள். காவலர் முடமானால்தான் வீட்டில் களவு புகும்.

ஒருவர்க்குத் தாய் தந்தையரிடமிருந்து பெற்ற இரு படிகளில் ஒன்று மட்டும் முடமாயிருப்பின், மற்றொன்று வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் வாழ்நாளில் என்றோ ஒரு நாள், ஏதோ ஓர் உயிரணுவில், அந்த மற்றொன்றும் பழுதுபடலாம். அன்று முதல் அவ்வுயிரணுவில் அறுந்தவை சரியாக இணையா. பிழை மேற் பிழை சேரும். புற்றுக்கு அதுவே வாயில். அந்த ‘என்றோ ஒரு நாள்’ வருவதும் வாராதிருப்பதும் எதனைப் பொறுத்தவை? இவ்வினாவை மனத்தில் இருத்திக்கொண்டு ஐஸ்லாந்துக்குச் செல்வோம்.

ஐந்து எழுத்துக்கள் விடுபட்டன

ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நார்வேயிலிருந்தும் பிரிட்டிஷ் தீவுகளிலிருந்தும் கடல் கடந்து வந்தவர்கள் ஐஸ்லாந்தில் குடியேறினர். அதன்பின் ஆயிரம் ஆண்டுகளாக வெளியிலிருந்து வந்து கலந்தோர் மிகச் சிலரே. இன்றும் அந்நாட்டு மக்கள்தொகை நான்கு இலட்சத்தை ஒட்டியதுதான். குலவரலாற்றைக் குறித்து வைப்பதில் அம்மக்கட்குத் தனி ஆர்வம் உண்டு. பல நூற்றாண்டு முன்னோரின் பெயர்களைச் சொல்லக்கூடிய குடும்பங்கள் அங்கே மிகுதி.

இத்தீவில் மார்பகப் புற்று மிகுந்த குடும்பங்களை ஆய்ந்தபோது, பி.ஆர்.சி.ஏ. 2 மரபணுவில் ஒரே வகைப் பிழை மீண்டும் மீண்டும் காணப்பட்டது. 999-ஆம் எழுத்தை ஒட்டி ஐந்து எழுத்துக்கள் விடுபட்டிருந்தன. 1996-இல் இச்செய்தி வெளியாயிற்று.

முந்நூறு கோடியில் ஐந்து எழுத்துப் போனால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். உயிரணு தன் கட்டளையை மும்மூன்று எழுத்தாகப் படிக்கிறது என்பதை அறிந்தால் ஐயம் தீரும். ‘அவன் மகன் நகர் வலம் வரும் தினம்’ என்ற தொடரைப் பாருங்கள். எல்லாம் மூன்றெழுத்துச் சொற்கள். இதில் ‘மகன்’ என்ற மூன்றெழுத்தை நீக்கினால், ‘அவன் நகர் வலம் வரும் தினம்’ என நிற்கும். பொருள் சிறிது மாறினும் தொடர் பிழைத்துவிடுகிறது. ‘மகன்நக’ என்ற ஐந்தெழுத்தை நீக்கிவிட்டு மும்மூன்றாகப் படியுங்கள். ‘அவன் ர்வல ம்வரு ம்தின ம்’ என்றாகிறது! விடுபட்ட இடத்துக்குப் பின் உள்ள அனைத்தும் உளறலாய்ப் போயின. ஐஸ்லாந்துப் பிழையில் நிகழ்வதும் இதுவே. 3,418 அமினோ அமிலங்கள் கோக்க வேண்டிய புரதம், முந்நூறை எட்டுமுன்பே முறிந்து நின்றுவிடுகிறது.

இப்பிழையுடையோர் அனைவரிடமும் அதனைச் சுற்றியுள்ள எழுத்துக்களும் ஒரே வகையாக இருந்தன. ஏடு ஆராய்வோர்க்கு இக்குறிப்பின் பொருள் எளிதில் விளங்கும். பத்துச் சுவடிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை காணப்பட்டு, முன்பின் உள்ள பாடங்களும் ஒத்திருந்தால், அப்பத்தும் ஒரு மூலப்படியைப் பார்த்து எழுதியவை என்று துணியலாம். அதுபோல் இவர்கள் எல்லாரும் என்றோ வாழ்ந்த ஒரு முன்னோரின் வழி வந்தவர் என்பது பெறப்பட்டது. சிறிய குடியாக இருந்து பெருகிய மக்களிடையே இவ்வாறு ஒரே பிழை பரவிக் கிடப்பதை மூதாதை விளைவு என்பர்.

1997-இல் வெளியான கணக்கு மேலும் சில உண்மைகளைக் காட்டியது. ஐஸ்லாந்து மக்களில் ஆயிரத்துக்கு 6 பேரிடம் இப்பிழை உள்ளது. மார்பகப் புற்று வந்த பெண்களிலோ ஆயிரத்துக்கு 77 பேரிடம் உள்ளது. ஆண்களுக்கும் அருகி இந்நோய் வருவதுண்டு. அவ்வாறு நோயுற்ற ஆடவரில் நூற்றுக்கு 40 பேரிடம் இப்பிழை இருந்தது. பிழைக்கும் நோய்க்கும் உள்ள உறவு எத்துணை நெருக்கமானது என்பது இதனால் விளங்கும். அதே கணக்கை மறுபுறம் திருப்பிப் பாருங்கள். நோயுற்ற பெண்கள் ஆயிரவரில் 923 பேரிடம் இப்பிழை இல்லை. குடும்பத்தில் எவர்க்கும் இல்லையே என்று கவலையின்றி இருத்தல் தகாது என்பதையும் இவ்வெண் உணர்த்துகிறது.

எண்பது ஆண்டில் நான்கு மடங்கு

இதுகாறும் கூறியவை முன்னுரை. பாடத்தின் உயிர்நாடி இனித்தான் வருகிறது.

ஐஸ்லாந்தில் நாடு முழுவதற்குமான புற்றுநோய்ப் பதிவேடு 1950-களில் தொடங்கப்பட்டது. மார்பகப் புற்றைப் பொறுத்தவரை அதற்கு முற்பட்ட ஆண்டுகளின் மருத்துவக் குறிப்புகளும் திரட்டப்பட்டன. ஒரு புறம் யாருக்கு எப்போது நோய் வந்தது என்ற பதிவேடு. மறுபுறம் யார் யாருக்கு உறவு என்ற குலவரலாறு. ஒருத்தியிடம் ஐந்தெழுத்துப் பிழை உண்டென்று தெரிந்தால், அவளுடைய உடன்பிறந்தாளிடமும் மகளிடமும் அஃது இருப்பதற்குப் பாதி வாய்ப்பு உண்டு என்பது மரபியல் விதி. இவற்றை இணைத்தால், நெடுங்காலத்துக்கு முன் வாழ்ந்து மறைந்தோரைப் பற்றியும் கணிக்க இயலும்.

அவ்வாறு கணித்த முடிவு 2006-இல் வெளிவந்தது. இப்பிழையுடைய பெண் ஒருத்தி 70 வயதுக்குள் மார்பகப் புற்றுக்கு ஆளாகும் வாய்ப்பு, 1920-ஆம் ஆண்டு நிலையில் நூற்றுக்கு 18.6. 2002-ஆம் ஆண்டு நிலையில் அது நூற்றுக்கு 71.9!

இவ்விரு எண்களையும் சற்று நின்று நோக்க வேண்டுகிறேன். தீவு அதே தீவு. குலம் அதே குலம். விடுபட்ட ஐந்து எழுத்துக்களும் அவையே. பிழை சிறிதும் மாறாதிருக்க, அதனால் விளையும் ஆபத்து மட்டும் எண்பது ஆண்டுகளில் ஏறத்தாழ நான்கு மடங்காகிவிட்டது. பாட்டிகள் ஐவரில் ஒருவர்க்கு வந்த நோய், பேத்திகள் பத்துப் பேரில் எழுவர்க்கு வருகிறது. மரபணுவே விதி என்று கொள்வோமாயின், இவ்வேற்றத்துக்கு என்ன காரணம் சொல்வோம்?

அதே காலத்தில் ஐஸ்லாந்துப் பெண்கள் அனைவரிடையேயும் இந்நோய் பெருகியது. பொது மக்களுக்கு 1.8-ஆக இருந்த வாய்ப்பு 7.5-ஆயிற்று. அதுவும் ஏறத்தாழ நான்கு மடங்கே. இதிலிருந்து அறியத்தக்கது யாது? எல்லாப் பெண்களையும் தாக்கிய ஏதோ சில காரணங்கள், பிழையுடையாரையும் அதே அளவில் தாக்கின. முன்பே உயரமாக இருந்த எண் நான்கால் பெருகியபோது அஞ்சத்தக்க எண் ஆகிவிட்டது. மரபு தருவது பெருக்கற்கணக்கில் ஓர் எண்; வாழும் முறை தருவது மற்றோர் எண்.

அக்காரணங்கள் எவை? அவ்வெண்பது ஆண்டுகளில் அத்தீவின் வாழ்க்கையே மாறிற்று. மீன்பிடித்தலும் ஆடு வளர்த்தலும் செய்து வந்த ஏழை நாடு செல்வ நாடாயிற்று. பெண்கள் பூப்பெய்தும் வயது குறைந்தது. முதல் குழந்தை பெறும் வயது கூடியது. பிள்ளைகளின் தொகை சுருங்கியது. உடல் உழைப்பும் குறைந்தது. இவை ஒவ்வொன்றும் மார்பகப் புற்றோடு தொடர்புடையவை என்பது பல நாடுகளிலும் கண்ட உண்மை. புதிய கருவிகளால் நோயை முன்கூட்டியே கண்டுபிடிப்பதால்தான் எண்ணிக்கை கூடிற்று என்று ஒருவர் கூறலாம். அதுவும் ஓரளவு உண்மைதான். ஆயினும் ஊடுகதிர்ப் படம் எடுத்து நலமுள்ள பெண்களைச் சோதிக்கும் வழக்கம் அங்கே 1980-களின் பிற்பகுதியில்தான் நாடெங்கும் பரவிற்று. ஏற்றமோ அதற்குப் பல பத்தாண்டுகட்கு முன்பே தொடங்கிவிட்டது.

ஐஸ்லாந்து தனிச் சான்றன்று. கிழக்கு ஐரோப்பிய வழிவந்த அஷ்கனாசி யூதர்களிடையே, பி.ஆர்.சி.ஏ. மரபணுக்களில் மூன்று பழம் பிழைகள் பரவியுள்ளன. அவர்களில் நாற்பதின்மர்க்கு ஒருவரிடம் அவற்றுள் ஒன்று உண்டு. மேரி கிளேர் கிங்கும் அவர்தம் குழுவினரும் நியூயார்க்கில் இவர்களை ஆய்ந்து 2003-இல் வெளியிட்ட முடிவு இது: பிழையுடைய பெண்களுள் 1940-க்கு முன் பிறந்தோர் 50 வயதுக்குள் மார்பகப் புற்றுக்கு ஆளாகும் வாய்ப்பு நூற்றுக்கு 24, 1940-க்குப் பின் பிறந்தோர்க்கு அது 67. இளமையில் உடற்பயிற்சி செய்தவர்க்கும், பருமன் இல்லாதிருந்தவர்க்கும் நோய் காலந்தாழ்ந்து வந்தது என்பதையும் அவர்கள் கண்டனர்.

காலம் மாறினால் ஆபத்து மாறுவது போலவே, இடம் மாறினாலும் மாறும். ஜப்பானிலிருந்து ஹவாய்க்கும் கலிபோர்னியாவுக்கும் குடிபெயர்ந்தோரிடையே, தாய்நாட்டில் மிகுதியாக இருந்த வயிற்றுப் புற்று குறைந்தது. தாய்நாட்டில் குறைவாக இருந்த மார்பகப் புற்று தலைமுறைதோறும் கூடியது. கப்பலேறியவர்கள் தம் மரபணுக்களைக் கொண்டே சென்றனர். நோய்க்கணக்கு மட்டும் புதிய ஊரின் கணக்காக மாறத் தொடங்கியது. ஊர் விட்டு ஊர் வந்து, உணவும் உறக்கமும் மாறி, விடுதி வாழ்க்கை வாழும் நம் போன்றோர் கருதத்தக்க செய்தியன்றோ இது?

சிறு வேறுபாடுகளைப் பற்றிய எச்சரிக்கை

ஐஸ்லாந்துப் பிழை மரபணுவையே முடமாக்குவது. எல்லா வேறுபாடுகளும் அத்தகையன அல்ல. ஒரு சொல்லில் ஓரெழுத்து மாறியும் பொருள் கெடாத பாட வேறுபாடுகளைப் போல, பழுது பார்க்கும் மரபணுக்களில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் சிறு வேறுபாடுகள் பல உண்டு. எடுத்துக்காட்டாக, எக்ஸ்.ஆர்.சி.சி. 1 என்னும் மரபணு தரும் புரதத்தில் 399-ஆம் இடத்தில் சிலர்க்கு ஆர்ஜினின் இருக்கும். சிலர்க்குக் குளுட்டமின் இருக்கும். இதனால் வாய்ப் புற்றும் நுரையீரற் புற்றும் பிற புற்றுக்களும் கூடுமா என்று நம் நாட்டிலும் பிற நாடுகளிலும் எத்தனையோ ஆய்வுகள் நடந்துள்ளன. கூடும் என்று சில கூறின. வேறுபாடே இல்லை என்று சில கூறின. ஆபத்து உண்டென்று கூறியவற்றிலும் அது பெரிதும் சிற்றளவினதே.

ஏன் இந்த முரண்பாடு? ஒரு காரணம் ஆய்வுகள் சிறியன என்பது. மற்றொன்று, ஒப்பிடும் முறை. நோயுற்றோர் நூற்றுவரையும் நோயற்றோர் நூற்றுவரையும் ஒப்பிடுவது வழக்கம். நம் நாட்டிலோ தம் இனத்துக்குள்ளேயே மணம் செய்யும் பல்லாயிரம் குழுக்கள் உள. ஒரு குழுவில் மிகுந்திருக்கும் மரபணு வேறுபாடு அடுத்த குழுவில் அருகியிருக்கும். நோயுற்றோர் பெரும்பாலும் புகையிலை மெல்லும் வழக்கமுள்ள ஒரு வட்டாரத்திலிருந்தும், நோயற்றோர் வேறு வட்டாரத்திலிருந்தும் வந்திருந்தால் என்ன ஆகும்? முதல் வட்டாரத்தாரிடம் இயல்பாக மிகுந்துள்ள வேறுபாடு ஒன்று, ஒரு குற்றமும் செய்யாமலே குற்றவாளியாகத் தோன்றும். உண்மைக் குற்றவாளியாகிய புகையிலை தப்பித்துக் கொள்ளும்.

இது வெறும் கணக்குப் பிழையன்று. மக்கள் நலத்தைத் தொடும் பிழை. புகையிலை சேர்ந்த வெற்றிலை பாக்கு புற்றுநோய் தரும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1985-இல் அறிவித்தது. புகையிலை சேராத பாக்கும் அத்தகையதே என்று 2004-இல் வெளியான அதன் அறிக்கை கூறிற்று. பாக்குப் பொட்டலத்தைப் பையில் வைத்துக்கொண்டு ‘எனக்கு எந்த மரபணு இருக்கிறதோ’ என்று கவலைப்படுவது, கூரையில் தீ வைத்துவிட்டுச் சாதகம் பார்ப்பதை ஒக்கும்.

அறிவதா, அறியாதிருப்பதா?

ஐஸ்லாந்துக் கதையில் இன்னோர் அத்தியாயம் உண்டு. 1996-இல் அங்கே தொடங்கப்பட்ட ஒரு மரபியல் நிறுவனம், நாட்டு மக்களுள் பெரும்பகுதியினரின் டி.என்.ஏ.வை ஆய்ந்து வைத்திருந்தது. யார் யாரிடம் ஐந்தெழுத்துப் பிழை உள்ளது என்பதை அந்நிறுவனத்தார் அறிய முடிந்தது. உடையவர்களோ அறியார்! ஆய்வுக்கெனக் குருதி கொடுத்தவர்கள் இத்தகைய செய்தியைத் தமக்குத் தெரிவிக்குமாறு கேட்டிருக்கவில்லை; கேளாமல் தெரிவிப்பதற்குச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. தீயைக் கண்டும் வீட்டாரை எழுப்பாதிருத்தல் அறமா என்று ஒரு சாரார் கேட்டனர். அறியாதிருக்கவும் ஒருவர்க்கு உரிமை உண்டு என்று மற்றொரு சாரார் மறுத்தனர். பல்லாண்டு நீடித்த வழக்கு அது. முடிவில் 2018-இல், தமக்கு இப்பிழை உண்டா என்று அறிய விரும்புவோர் தாமே கேட்டறியும் வழி திறந்துவிடப்பட்டது.

இவ்வழியே சிறந்தது என்பது என் கருத்து. அறிவதனால் பயன் உண்டு. பிழையுடையார் இளவயது முதலே அடிக்கடி சோதனை செய்துகொள்ளலாம். விரும்பினால் அறுவை முறையால் ஆபத்தைக் குறைத்துக்கொள்ளலாம். நோய் வந்த பின்னும் இவ்வறிவு உதவும். பி.ஆர்.சி.ஏ. இழந்த புற்றணு, பழுது பார்க்கும் மற்றொரு வழியையே நம்பி வாழ்கிறது. அவ்வழியையும் அடைத்துவிட்டால் அது மடியும் என்று 2005-இல் இரு குழுவினர் காட்டினர். அதன் அடிப்படையில் எழுந்த ஒலாபரிப் என்னும் மருந்து 2014 முதல் வழக்கில் உள்ளது. எந்தக் குறையால் புற்று பிறந்ததோ, அக்குறையே அதை அழிக்கும் வாயிலாகவும் ஆயிற்று.

ஆயினும் அறிதல் அவரவர் விருப்பமாக இருத்தல் வேண்டும். ஒருவர்க்குக் கிடைத்த முடிவு உடன்பிறந்தார் அனைவரையும் தொடுவது. ஆதலின் தேர்ந்த மருத்துவரின் அறிவுரையோடுதான் அதைப் பெறவேண்டும். பெண் பார்க்க வருவோர் கேட்கும் வினாக்களில் இதுவும் ஒன்றாகிவிடக் கூடாது. முன்பு ‘குலத்தில் வரும் நோய்’ என்று ஒதுக்கியவர்கள், நாளை அச்சிட்ட சான்றிதழைக் காட்டி ஒதுக்குவார்களாயின், அறிவியலால் நாம் பெற்றது யாது? மேலும், பிழையுள்ள படி மகளுக்குச் செல்வது போலவே மகனுக்கும் செல்லும். தந்தை வழியாகவும் வரும். பெண்ணை மட்டும் ஆராய்வது அறமும் ஆகாது, அறிவியலும் ஆகாது.

நமக்குரிய பாடம்

நம் நாட்டு நிலை என்ன? அஷ்கனாசி யூதர்களிடம் காணப்படும் மூன்று பிழைகளுள் ஒன்று தென்னிந்தியக் குடும்பங்கள் சிலவற்றிலும் கண்டறியப்பட்டுள்ளது. நம் மக்களிடம் மட்டும் காணப்படும் பிழைகளும் பல. ஒருவரிடம் புதியதொரு வேறுபாடு காணப்பட்டால், அது தீங்குடையதா இல்லையா என்று கூற, அதே மக்களிடையே அது எவ்வளவு பரவியுள்ளது என்று தெரிந்திருக்க வேண்டும். உலகில் உள்ள அட்டவணைகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வழியினரைப் பற்றியவை. ஆகவே நம்மவர்க்குக் கிடைக்கும் விடை பல வேளைகளில் ‘பொருள் தெளியாத வேறுபாடு’ என்பதாக முடிகிறது. பல்வேறு குழுக்களைச் சேர்ந்த ஏறத்தாழ 10,000 இந்தியரின் டி.என்.ஏ. முழுவதையும் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தொகுப்பு 2025 சனவரியில் ஆய்வாளர்க்கு வழங்கப்பட்டது நல்ல தொடக்கம்.

தொகுப்பு மட்டும் போதாது என்பதைத்தான் ஐஸ்லாந்து கற்பிக்கிறது. அங்கே 18.6, 71.9 என்ற எண்களைத் தந்தது மரபணுச் சோதனை மட்டுமன்று; பத்தாண்டு பத்தாண்டாகப் பொறுமையோடு எழுதப்பட்ட பதிவேடும் சேர்ந்தே தந்தது. நம் நாட்டில் பம்பாயில் 1960-களிலும், சென்னையிலும் பெங்களூரிலும் 1980-களின் தொடக்கத்திலும் புற்றுநோய்ப் பதிவேடுகள் தோன்றின. இன்று வேறு பல ஊர்களிலும் உள. எனினும் நாட்டு மக்களில் ஒரு பகுதியினரையே அவை தழுவுகின்றன. எஞ்சியோரின் நோய் எந்த ஏட்டிலும் ஏறாமலே மறைகிறது.

சென்னைப் பதிவேடு கூறும் செய்தி ஒன்றை மறத்தலாகாது. அங்கே கருப்பை வாய்ப் புற்று குறைந்து வர, மார்பகப் புற்று ஏறி வருகிறது. ஐஸ்லாந்தின் பெண்கள் எண்பது ஆண்டுகளில் ஏறிய மேட்டில் நம் நகரத்துப் பெண்கள் இன்று ஏறிக்கொண்டிருக்கிறார்கள். திருமணமும் மகப்பேறும் தள்ளிப்போவது கல்விக்கும் தொழிலுக்கும் பெண்கள் வந்ததன் விளைவு. அதனை எவரும் பின்னுக்கு இழுக்க விரும்பார். ஆனால் உடல் உழைப்பு, உணவு, பருமன் ஆகியவை நம் கையில் உள்ளவை. கட்டி ஒன்று தென்பட்டால் நாணத்தாலும் அச்சத்தாலும் மறைக்காமல் உடனே மருத்துவரிடம் செல்வதும் நம் கையில் உள்ளதே. நம் பாட்டியர்க்கு வராத நோய் நமக்கு வாராது என்று இனி எவரும் இருத்தலாகாது. பாட்டியின் மரபணு நம்மிடம் உண்டு. பாட்டியின் வாழ்க்கை நம்மிடம் இல்லை.

ஊருக்குக் கடிதம் எழுதும்போதும், விடுமுறைக்குச் செல்லும்போதும், தாய்மாரிடமும் தமக்கைமாரிடமும் இவ்வொரு செய்தியையேனும் எடுத்துச் சொல்லுமாறு சங்க நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். குலத்தில் நோய் உண்டென்றால் அது முன்னெச்சரிக்கை. குலத்தில் இல்லையென்றால் அது காப்புறுதியன்று. முன்னோர் விட்டுச் சென்ற ஏட்டில் உள்ள பிழையை நாம் எழுதவில்லை. அவ்வேட்டை எத்தகைய வீட்டில் வைத்துக் காப்பது என்பதில் நமக்கும் நம் சமுதாயத்துக்கும் பெரும் பங்கு உண்டு.